சர்வருக்கு உறுப்பினர் அட்டை

கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் நான் இறங்க வேண்டும். கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு அங்கே ஒரு விசாரணை. என் மேல் இல்லை. என் மேல் இருபத்தேழு வழக்கு இருந்தது, எல்லாம் முடிந்துவிட்டது. இது ஒரு மில் பெண்ணின் விஷயம். நான் ஒரு தாள் கொண்டுபோகிறேன், அவ்வளவுதான்.

என்ன அது? என் பாக்கெட்டிலிருந்து விழுந்ததா? டிக்கெட் எடுக்கும்போது வந்திருக்கும். நீங்களே கொஞ்ச நேரம் வைத்திருங்கள். ஒரு துண்டுக் காகிதம், அகலம் இரண்டு விரல்தான். காற்றில் போனாலும் போகட்டும் என்று சொல்லமாட்டேன். பிடித்திருங்கள்.

உங்கள் மடியில் இருப்பது கம்ப்யூட்டர் பைதானே? அப்படியானால் உங்களிடம் சொல்லலாம். டோக்கன் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பு பேங்கில் பித்தளையில் கொடுப்பார்களே, அதில்லை. இது கண்ணுக்குத் தெரியாத டோக்கன். இரண்டு வரிக்கு நீளும், எழுத்தும் எண்ணும் கலந்து. யாராலும் படிக்க முடியாது. படிக்க முடியாததை நம்பாதே என்று நானே எத்தனை துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

என் பெயர் பாலுச்சாமி. வேடசந்தூர்ப் பக்கம் எந்த மில் வாசலில் கேட்டாலும் சொல்வார்கள். எட்டாம் வகுப்பு. மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்ததுதான். முதலில் மற்றவர்கள் எழுதியதை நான் படித்தேன். பிறகு நான் எழுதியதை மற்றவர்கள் படித்தார்கள். எண்பத்து மூன்றில் நாற்பத்தாறு நாள் வேலைநிறுத்தம். நாற்பத்தாறு நாளும் தினம் ஒரு துண்டறிக்கை. ஒரு நாளும் தவறவில்லை. அப்பா செத்த அன்றும் எழுதினேன். அன்றைக்கு எழுதியதுதான் நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

அப்போதெல்லாம் புகார் என்றால் ஆள் நேரில் வருவான். டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்போம். இப்போது மில்லுக்குள் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் பெண்கள், பாதிப்பேர் விடுதியில். மில்காரன் வெளியே விட மாட்டான். கையில் போன் மட்டும் இருக்கும். அதனால்தான் பெனிட்டா வந்தாள். வந்தாள் என்ன, நான்தான் சேர்த்தேன். திண்டுக்கல்லுக்காரி. அவள் அம்மா எங்கள் சங்கத்தில் இருந்தவர், நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை பார்த்தவர். மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சங்க அலுவலகத்துக்கு வருவாள். சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு. அந்த மரியாதையில் நான் குறை வைக்கவில்லை.

அவள் ஒரு டெலிபோன் சர்வர் வைத்தாள். சர்வர் என்றால் என்னமோ பீரோ மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். டிபன் பாக்ஸ் அளவு. அதற்கு ஒரு நம்பர். தொழிலாளி கூப்பிட்டால் மிஷினே எடுக்கும். என் குரலில்தான் பேசும். நான் போன் எடுத்தால் நாற்பது வருடமாக ஒரே மாதிரிதான் சொல்வேன்: "வணக்கம். மில் தொழிலாளர் சங்கம்." அதையே பிடித்துப் போட்டாள். அப்புறம், "உங்கள் ஆலை, உங்கள் குறை, மணி ஒலித்ததும் சொல்லுங்கள்." டிங் என்று ஒரு சத்தம். அவர்கள் பேசுவார்கள். பேசி முடித்ததும் மறுபடி நான்: "உங்கள் புகார் பதிவாகிவிட்டது. சங்கம் உங்கள் பக்கம் நிற்கிறது." குரல் நன்றாக இருக்கும். மைக் பிடித்துப் பழகிய குரல்.

அந்தப் புகார் அந்த டிபன் பாக்ஸிலேயே கிடந்தால் யாருக்கு லாபம்? அதை அது வேறொரு இடத்துக்கு அனுப்ப வேண்டும். அது எங்கேயோ இன்டர்நெட்டில் இருக்கிறது, வாடகைக்கு. அங்கே போனால்தான் பேச்சு எழுத்தாகும், எழுத்து எங்கள் ஏழு வட்டாரப் பொறுப்பாளர்கள் போனுக்கும் வரும். அங்கே வாசலில் ஒரு காவல். யார் நீ என்று கேட்கும். நம் சர்வர் டோக்கனைக் காட்டும். டோக்கன் சரியாக இருந்தால் உள்ளே விடும். ஒவ்வொரு தடவையும் காட்ட வேண்டும். மில் கேட்டில் கார்டு காட்டுகிற மாதிரிதான். இதை எனக்கு அரை நிமிடத்தில் புரியவைத்தாள். கெட்டிக்காரிதான். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

என் போன்தான் அடிக்கிறது. அடிக்கட்டும்.

அந்த டோக்கன் அவள் பெயரில் இருந்தது. ஆரம்பத்தில் அவள்தானே எல்லாம் செய்தாள், அவள் பெயரில் எடுத்தாள். இரண்டு மாதம் கழித்து அவளே வந்து சொன்னாள்.

"தோழர், இதை என் பேர்ல வச்சிருக்கிறது சரியில்ல. சர்வர் பேர்லயே தனியா ஒரு டோக்கன் போட்டுரலாம். நாளைக்கு நான் இல்லாமப் போனாலும் அது பாட்டுக்கு ஓடும்."

நான் கேட்டேன், "சர்வர் சந்தா கட்டுதாம்மா?"

சிரித்தாள்.

"கையெழுத்துப் போடுமா? ஊர்வலத்துக்கு வருமா? வராததுக்கு எப்படிக் கார்டு குடுக்கிறது?"

"இது கார்டு இல்ல தோழர்."

"உள்ள விடுற சீட்டு எதுவா இருந்தாலும் கார்டுதான்."

செயற்குழுவே சிரித்தது. பொருளாளர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் விதிமுறைப் புத்தகத்தில் பதினான்காவது விதி இருக்கிறது. நான் எழுதியது. அட்டை என்பது பெயர், தகப்பனார் பெயர், ஆலை, கையொப்பம் நான்கும் உள்ள நபருக்கு மட்டுமே. ஏன் எழுதினேன் தெரியுமா? எண்பத்து மூன்றில் நிர்வாகம் இல்லாத ஆட்கள் பெயரில் நூற்றிருபது அட்டை போட்டு எங்கள் தேர்தலில் நுழைந்தது. நபர் இல்லாத அட்டையால் ஒரு சங்கமே போயிருக்கும். அதனால் எழுதினேன். அந்த விதியை ஒரு டிபன் பாக்ஸுக்காக மாற்றச் சொன்னால் மாற்றுவேனா?

இன்னொன்றும் கேட்டாள். புகார் போய்ச் சேராவிட்டால் சொல்வதற்கு இன்னொரு வரி பேசிக் கொடுங்கள் என்றாள். "இப்போது பதிவு செய்ய முடியவில்லை, பிறகு அழையுங்கள்" என்று. என் குரலில். நான் மாட்டேன் என்றேன். முடியவில்லை என்று சங்கம் சொல்லாது. லத்தி முதுகில் விழும்போதே சொன்னதில்லை. அதனால் புகார் போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சர்வர் பதிவாகிவிட்டது என்றே சொல்லும்படி விட்டுவிட்டோம்.

அப்புறம் என்ன, இரண்டரை வருடம் ஓடியது. நன்றாகவே ஓடியது.

போன சித்திரையில் செயற்குழு. பெனிட்டா ஒரு பட்டியல் எடுத்து வாசித்தாள். வந்த புகார் நானூற்றுப் பன்னிரண்டு, எடுத்துப் பேசியது எண்பத்தெட்டு. மில் வாரியாக வாசித்தாள். எல்லோர் முன்னாலும். எந்தப் பொறுப்பாளர் எத்தனையைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வரைக்கும் அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. என் பெயருக்கு நேரே நூற்று ஆறு என்றாள்.

கணக்குக் கேட்பது தவறில்லை. கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. தலைவரிடம், அதாவது என்னிடம், தனியாகச் சொல்லலாம். அவள் வாசித்த விதம், ஒரு சூப்பர்வைசர் உற்பத்தி வாசிக்கிற விதம். நான் அவ்வளவுதான் சொன்னேன். "இது மில்லும்மா, சங்கம் இல்ல, நீ வாசிக்கிறத பார்த்தா." அவள் சொன்னாள், "மில்லுல இப்படி எழுதி வச்சிருந்தா நீங்கதான் தோழர் முதல்ல கேட் மீட்டிங் போடுவீங்க."

அவளை நீக்கினோம். தீர்மானம் ஒன்பதுக்கு இரண்டு. முறைப்படிதான்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். ஒருவரை நீக்கினால் அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், அவர் பெயரில் உள்ள அட்டை, லெட்டர் பேடு, முத்திரை எல்லாவற்றையும் ரத்து செய்துவிட வேண்டும். மறுநாள் காலை அவர் சங்கத்தின் பெயரில் ஒரு டீகூடக் குடிக்கக் கூடாது. அந்த வழக்கத்தால்தான் நாற்பது வருடம் நின்றோம். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் போகும்போது ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரே பக்கம். இன்னும் வைத்திருக்கிறேன். "தோழருக்கு. என் பெயரில் உள்ள டோக்கனை ரத்து செய்வதற்கு முன் சர்வருக்குப் புதிய டோக்கன் எடுத்துவிடவும். இல்லாவிட்டால் புகார்கள் சர்வரிலேயே நின்றுவிடும். எப்படி எடுப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன்." கீழே ஆறு படி.

நான் அதை எப்படி வாசித்தேன் என்றால், நான் இல்லாவிட்டால் உங்கள் சங்கம் நின்றுவிடும் என்று வாசித்தேன். இந்த மாதிரிக் கடிதம் என் வாழ்க்கையில் நிறையப் பார்த்தாகிவிட்டது. போகிறவன் எல்லாம் அதைத்தான் எழுதிவிட்டுப் போவான். எவன் போனதாலும் சங்கம் நின்றதில்லை.

அந்தப் பக்கத்தை எனக்குத் திறக்கத் தெரியும். தலைவர் என்று எனக்குத் தனி நுழைவு இருந்தது, அவள்தான் தமிழில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். டோக்கன்கள் வரிசையாக இருக்கும். பெயர், எடுத்த தேதி, எதிரே ஒரு சிவப்புப் பட்டன். பெனிட்டா பெயரில் நான்கு இருந்தது. நான்கையும் அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன். மில் வாசலில் கருங்காலியின் அட்டையைக் கிழித்தால் கையில் ஒரு சூடு வரும். அது வரவில்லை. கிழிகிற சத்தம் இல்லாததால் இருக்கலாம்.

அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் புகார் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம். பொறுப்பாளர்கள் எல்லோரும் சொன்னார்கள், தலைவரே, ஒரு புகாரும் இல்லை. நான் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்றால், சித்திரையில் நான்கு மில் வாசலில் கூட்டம் போட்டிருந்தோம், அதன் பயம் வேலை செய்கிறது. நிர்வாகங்கள் அடங்கிவிட்டன. நான் அப்படி யோசித்ததில் என்ன தவறு? நாற்பது வருட அனுபவத்தில் யோசித்தேன். பத்தாம் நாள் உட்கார்ந்து துண்டறிக்கை எழுதினேன். "புகார் இல்லாத மாதம்! நடுங்குகிறது நிர்வாகம்! ஓங்குகிறது சங்கம்!" மூவாயிரம் பிரதி. மஞ்சள் தாள். எல்லா மில் வாசலிலும் கொடுத்தோம். நான் எழுதியதில் நல்லவற்றில் அதுவும் ஒன்று. வேகம் இருக்கும்.

கண்டக்டர் என்ன சொல்கிறார்? இன்னும் வரவில்லையா? சரி.

இருபத்து மூன்றாம் நாள் காலை ஷிப்டில் நாகஜோதிக்குக் கை போனது. இன்றைக்கு விசாரணை அவள் விஷயம்தான். இருபத்தாறு வயது. கார்டிங்கில் வேலை. பஞ்சைச் சீவுகிற மிஷின், உள்ளே உருளை முழுக்க முள் கம்பி. அதற்கு ஒரு மூடி உண்டு. மூடியைத் திறந்தால் மிஷின் தானாக நிற்க வேண்டும், அதற்கு ஒரு லாக் இருக்கிறது. அந்த லாக்கை மில்காரன் கட்டுக்கம்பியால் கட்டிவைத்திருக்கிறான். திறந்தாலும் ஓடும். நிறுத்தி எடுத்தால் உற்பத்தி குறையுமாம். இடது கை. மூன்று விரல் முழுதாக, ஒன்று பாதி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். வார்டில் அவள் கண் மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் நாத்தனார், ஒரு வெடுக்கென்ற பொம்பளை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன், என் குரல் அப்படித்தான். "ஏம்மா, லாக் கட்டியிருக்கான்னு தெரிஞ்சதும் சங்கத்துக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

அவள் கண்ணைத் திறந்தாள். என் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் தெரிந்தவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"நீங்கதான போன்ல பேசுறவரு?"

"எந்த போன்ல?"

"வணக்கம்னு சொல்லுவீங்களே. ஒன்பது தடவ சொன்னேங்கய்யா. பதிவாயிருச்சுன்னு சொன்னீங்க."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். "இந்தாளாடி?" என்றாள். "ஒவ்வொரு தடவ பேசிட்டு வந்தும் சொல்லுவா, சங்கத்துல சொல்லிட்டேன் மதினி, அந்தப் பெரியவரு நம்ம பக்கம்னுட்டாருன்னு. மஞ்ச நோட்டீசு ஒண்ணு குடுத்தீங்களே, அத மடிச்சு பர்சுல வச்சிருந்தா. புகாரே இல்லன்னு போட்டிருக்கு, அப்ப நம்மளோடத தீர்த்துட்டாங்க போல, நாளைக்கு வந்து கம்பிய அவுத்துருவாங்கன்னா. அவுத்தீங்களா?"

நான் சொன்னேன், சங்கத்தில் ஒரு பெண் பண்ணிய வேலை, அவளை நீக்கிவிட்டோம், அவள் பெயரில் இருந்த டோக்கன் ரத்தானதால் மிஷினிலிருந்து புகார் வெளியே போகவில்லை. எல்லாம் தெளிவாகச் சொன்னேன். டோக்கன் என்றால் என்ன என்பது வரைக்கும் சொன்னேன். நாகஜோதி பொறுமையாகக் கேட்டாள். நல்ல பெண். கேட்டு முடித்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் யார்கிட்டங்கய்யா சொன்னேன்?"

ஆப்பிளை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பெனிட்டாவைக் கூப்பிட்டோம். நான் கூப்பிடவில்லை, பொருளாளரை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். அன்றைக்கே வந்தாள். நீக்கப்பட்டவர் அலுவலகத்துக்குள் வரக் கூடாது, அது விதி. அவளும் வாசற்படி தாண்டவில்லை, மாடிப்படியில் நின்றாள். நான் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்ப் படியில் வைத்தேன். நின்றுகொண்டே வேலை பார்த்தாள். உட்கார் என்று நான் சொல்லியிருக்கலாம். படி உள்ளே சேருமா வெளியே சேருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சொன்னாள், "நாப்பத்தொண்ணு தோழர்."

இருபத்து மூன்று நாளில் நாற்பத்தொரு அழைப்பு. குரல் எங்கே என்று கேட்டேன். சின்னப் பெட்டி, அனுப்ப முடியாத குரலை ஏழு நாள்தான் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும் என்றாள். கடைசி ஏழு நாளில் வந்தது இருக்குமே என்றேன். இருந்தது. நாகஜோதியுடையது அதில் இல்லை. மஞ்சள் தாள் கொடுத்த பிறகு அவள் கூப்பிடவில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைத்தாளே.

ஆனால் அழைப்பு வந்த கணக்கு மட்டும் இருந்தது. எந்த நம்பர், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், என்ன ஆயிற்று. அதுவும் முப்பது நாளில் போய்விடும் என்றாள். நாகஜோதி நம்பருக்கு ஒன்பது வரி. அதை அச்செடுத்து என்னிடம் கொடுத்தாள். அந்தத் தாள்தான் இந்தப் பையில் இருக்கிறது. இப்போது பெட்டியில் அது இல்லை, முப்பது நாள் தாண்டிவிட்டது. உலகத்தில் இந்த ஒரு தாள்தான்.

மில்காரன் என்ன சொல்கிறான் தெரியுமா? கம்பியைக் கட்டியதே அவள்தானாம். சீக்கிரம் வேலை முடிக்க அவளே கட்டினாளாம். அஜாக்கிரதை. லாக்கைப் பற்றி யாரும் எங்கும் புகார் சொன்னதே கிடையாதாம். ஆதாரத்துக்கு என்ன கொடுத்திருக்கிறான்? மஞ்சள் தாள். என் துண்டறிக்கை. புகார் இல்லாத மாதம். அதிகாரி மேஜையில் அது இருக்கிறதாம், பின் குத்தி. இன்றைக்கு அவள் மேல் தவறு என்று முடிந்தால் அவளுக்கு வேலை போனது போனதுதான். மற்ற பதினோரு மிஷினிலும் கம்பி அப்படியே இருக்கும். இந்தத் தாள் அங்கே போய்ச் சேர்ந்தால், சம்பவத்துக்கு முன்பே ஒன்பது தடவை சங்கத்தைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று ஆகும்.

அது கலெக்டர் ஆபீஸா? கண்டக்டர் கத்தினது கேட்டது. கேட்டது, தெரியும். உட்காருங்கள், நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தால் கால் மணி நேரம். முடித்துவிடுகிறேன்.

அந்தத் தாளில் மேலிருந்து கீழாக ஐந்து கட்டம். பெனிட்டா படியில் நின்று சொன்னாள், "அஞ்சாவது கட்டம்தான் தோழர் முக்கியம். அது இல்லேன்னா, சும்மா போன் பண்ணி விளையாடியிருக்கா, புகாரே சொல்லல, சொல்லியிருந்தா சங்கத்துல இருக்குமேன்னு கேப்பாங்க. சொன்னா, ஆனா போய்ச் சேரலங்கிறதுக்கு அந்த ஒரு கட்டம்தான் சாட்சி." எல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் வராது. என் பெயரை மட்டும் இங்கிலீஷில் படிக்கத் தெரியும். அந்தக் கட்டத்தில் அது ஒன்பது தடவை இருக்கிறது.

நேற்று சாயங்காலம் கத்தரிக்கோலால் வெட்டினேன். அந்தக் கட்டத்தை மட்டும். ஓரமாக, நேராக. நாலு கட்டமே போதும், நம்பரும் தேதியும் இருக்கிறதே என்று நினைத்தேன். நாற்பது வருடச் சங்கம். இருபத்தேழு வழக்கு. மில்காரனுடைய வக்கீல் அந்தக் கட்டத்தை எழுந்து நின்று வாசிப்பான். அவன் அதைத் துண்டறிக்கையாகப் போடுவான், மூவாயிரம் பிரதி. நான் எனக்காகப் பார்க்கவில்லை.

உங்கள் கையில் இருப்பது அதுதான். உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, படித்துவிட்டீர்கள் இல்லையா? எனக்குப் பெனிட்டா படித்துச் சொன்னாள். மறுக்கப்பட்டது, டோக்கன் ரத்து, ரத்து செய்தவர் பாலுச்சாமி. மறுக்கப்பட்டது, டோக்கன் ரத்து, ரத்து செய்தவர் பாலுச்சாமி. அப்படியே கீழ் வரைக்கும்.

இப்போது புது டோக்கன் என் பெயரில் இருக்கிறது. சர்வர் பெயரில் எடுக்க விதியைத் திருத்த வேண்டும், அதற்குப் பொதுக்குழு கூட வேண்டும். அதுவரை என் பெயர். நான் செத்தால் வழக்கப்படி அன்று சாயங்காலமே ரத்து செய்துவிடுவார்கள். பெனிட்டாவிடம் இதைச் சொன்னேன், சிரிப்பாள் என்று நினைத்தேன்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? ஒரு ஆளிடமாவது முழுதாகச் சொல்லிவிட்டேன் என்று இருக்கும். நீங்களும் கேட்டீர்கள், தலையாட்டினீர்கள். இறங்கிப் போய்விடுவீர்கள். என் பெயர்கூட நாளைக்கு உங்களுக்கு மறந்துவிடும். அவள் ஒன்பது தடவை சொன்னதும் இந்த மாதிரித்தான்.

மறுபடி அடிக்கிறது. பாருங்கள், நாகஜோதி என்று வருகிறது. ஆஸ்பத்திரியில் என் நம்பரை வாங்கினாள். அதிலிருந்து நாலைந்து தடவை கூப்பிட்டிருக்கிறாள், நான் எடுத்ததில்லை. எடுத்து என்ன சொல்வது? அங்கே வந்து நிற்பாள். கட்டுப் போட்ட கையோடு. மணி என்ன? பதினொன்று ஐந்தா?

சரி, எடுக்கிறேன். எடுக்கத்தான் போகிறேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்.

"வணக்கம். மில் தொழிலாளர் சங்கம்."

பேசவில்லை.

லைன் இருக்கிறது. மூச்சுச் சத்தம் கேட்கிறது. பின்னால் யாரோ பெயர் கூப்பிடுகிறார்கள், அந்த ஆபீஸ் வராந்தாதான். "அம்மா?" பேசவில்லை.

காத்திருக்கிறாள். என் குரல் வந்துவிட்டதல்லவா, இனி டிங் என்று வர வேண்டும். அது வந்த பிறகுதான் பேச வேண்டும். அப்படித்தான் அவளுக்குப் பழக்கம்.

"அம்மா, நான்தான். மிஷின் இல்ல. சத்தம் எதுவும் வராது. நீ பேசு.

ம்.

ம். பஸ்லதான் இருக்கேன். இல்ல, தூங்கல. ஸ்டாப்ப விட்டுட்டேன். உள்ள கூப்பிட்டா, சங்கத் தலைவர் வந்துக்கிட்டிருக்காருன்னு சொல்லு, கால் மணி நேரம் கேளு. ம். இருக்கு. தாள் இருக்கு. முழுசா இருக்கு."

கண்டக்டர், நிறுத்துங்க. இங்கேயே. திட்டினால் திட்டட்டும்.

அந்தத் துண்டைக் கொடுங்கள். மடித்துவிட்டீர்களா? பரவாயில்லை. ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை இருக்கும், ஒட்ட ஏதாவது கொடுப்பான். கொடுங்கள்.